ஆற்றையும் சேர்த்து எடுங்கள்

சென்னை அடையாற்றங்கரையில் சைக்கிளும் கேமராவுமாகத் திரியும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பட்டினப்பாக்கத்திலும், கோட்டூர்புரம் பாலத்திலும், சைதாப்பேட்டையிலும் உங்களைப் பார்க்கிறேன். தலையில் ஹெல்மெட், முதுகில் பை, பைக்குள் வீட்டில் விலை சொல்லாமல் வாங்கிய லென்ஸ். நானும் உங்கள் கூட்டத்து ஆள்தான். நீங்கள் எடுக்கும் படங்களையும் விடாமல் பார்த்துவருகிறேன். அலகில் மீன் துடிக்கத் துடிக்க வெண்மார்பு மீன்கொத்தி, இறக்கையை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகம், ஒற்றைக் காலில் நிற்கும் நெடுங்கால் உள்ளான். இறகின் இழை எண்ணலாம் போன்ற துல்லியம். பாராட்டாமல் இருக்க முடியாது.

ஆனால் ஒன்று கேட்கவேண்டும். அந்தப் படங்களில் அடையாறு எங்கே?

மீன்கொத்திக்குப் பின்னால் பச்சை மங்கல். நாரைக்குப் பின்னால் பொன்னிற மங்கல். வேடந்தாங்கலில் எடுத்தது என்றாலும் நம்புவோம், பரத்பூரில் எடுத்தது என்றாலும் நம்புவோம். மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது உடைந்த பிவிசி குழாய் மேல் என்பதும், அதன் கீழே கறுப்பாக நுரைத்துக்கொண்டு ஓடியது சாக்கடை நீர் என்பதும் எடுத்தவருக்கு மட்டும் தெரியும். லென்ஸ் பாதியை மறைத்துவிடுகிறது. மீதியை நாம் வீட்டுக்குப் போய் கணினியில் வெட்டிவிடுகிறோம். அப்படி வெட்டவேண்டாம் என்று கேட்கத்தான் இந்த மடல்.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்றால், இந்த ஆற்றை அதன் நீளத்துக்குப் பார்க்கிறவர்கள் அதிகம் பேர் இல்லை. அலுவலகம் போகிறவர் பேருந்திலோ காரிலோ பாலத்தைக் கடக்கும் அரை நிமிடத்துக்கு மூக்கைப் பொத்திக்கொள்கிறார். கரையில் குடியிருப்பவருக்குத் தன் வீட்டுக்கு எதிரே இருக்கும் துண்டு ஆறு தெரியும். முகத்துவாரத்தில் வலை வீசுகிறவருக்கு முகத்துவாரம் தெரியும். ஒரே காலையில் கடலோரத்தில் தொடங்கி அனகாபுத்தூர் வரை, பாலம் பாலமாக, நின்று நின்று பார்த்துக்கொண்டு போவது சைக்கிள்காரருக்குத்தான் வாய்க்கிறது. நடந்து போனால் பாதி தூரம்கூட முடியாது. காரில் போனால் நிறுத்த இடம் கிடைக்காது. அதிலும் வாரம் தவறாமல், அதே நேரத்துக்கு, கையில் கேமராவோடு போகிறீர்கள். இப்படிப்பட்ட சாட்சி அடையாற்றுக்கு இதற்குமுன் கிடைத்ததில்லை.

ஆறு சுமார் 42 கிலோமீட்டர். ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளில் பிறந்து, திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரை வாங்கிக்கொண்டு, அனகாபுத்தூரைக் கடந்து, விமான நிலையத்தின் ஓடுபாதைக்கு அடியிலேயே நுழைந்து, மணப்பாக்கம், நந்தம்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று வந்து கடலில் சேர்கிறது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி திறந்துவிட்டபோது, வழியில் மற்ற ஏரிகளின் தண்ணீரும் சேர்ந்துகொள்ள, இதே ஆறு கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வீடுகளுக்குள் புகுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். மற்ற பதினோரு மாதமும் அதில் ஓடுவதில் பெரும்பகுதி நகரத்தின் கழிவுநீர். ஆற்றோரமாகத் தொடர்ச்சியாகச் செல்லும் சைக்கிள் பாதை கிடையாது. பாலத்துக்குப் பாலம் தெருக்களில் சுற்றித்தான் போகவேண்டும். அதனால் பாலங்களே நமக்குப் பரண்கள்.

முதலில் தொழில் பேசிவிடுவோம். வெளிச்சம் சரியாக விழுந்தால்தான் ஆற்றையும் சேர்த்து எடுக்க மனம் வரும்.

ஆறு மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. காலையில் சூரியன் கடல் பக்கம். முகத்துவாரத்தைப் பார்த்துக் கேமராவைத் தூக்கினால் எதிர்வெளிச்சம்; பறவை கரிக்கட்டையாகத்தான் வரும். ஆகவே காலையில் கடலோரத்தில் தொடங்கி மேற்கு நோக்கி மிதியுங்கள். வெளிச்சம் முதுகில் இருக்கும். முகத்துவாரத்தையும் 1967-இல் கட்டி 1977-இல் இடிந்துபோன உடைந்த பாலத்தையும் படமெடுக்க விரும்பினால் மாலையில் வாருங்கள். கார்த்திகை முதல் மாசி வரை சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும் என்பதால் தென்கரையில் நின்று வடக்கே பார்ப்பது நல்லது. கோட்டூர்புரம் பாலத்தையும் சைதாப்பேட்டை மறைமலையடிகள் பாலத்தையும் தெற்கிலிருந்து வடக்கே கடந்தால், இடதுபக்க நடைபாதை தானாகவே மேற்குப் பக்கமாக அமைந்துவிடும். சாலையைக் குறுக்கே கடக்கவேண்டிய அவசியமே இல்லை. சைக்கிளை நடைபாதைக்கு ஏற்றி நிறுத்திவிட்டு எடுங்கள். வண்டிகள் போகும் பாதையில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு குறிபார்ப்பது உங்களுக்கும் ஆபத்து, பின்னால் வரும் பால்காரருக்கும் ஆபத்து.

கறுத்த நீரின் முன்னே வெள்ளைக் கொக்கு நிற்கும்போது கேமரா ஏமாந்துபோகும். இருட்டுதான் அதிகம் என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கொக்கு வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்து வையுங்கள். பறக்கும் பறவைக்கு ஷட்டர் 1/1600-க்குக் கீழே இறங்கவேண்டாம். இன்னொன்று, சென்னைத் தெருவின் குலுக்கல் லென்ஸ் திருகுகளைத் தளர்த்திவிடும். கேமராவைப் பின்கேரியரில் கட்டாமல் உடம்போடு சேர்த்து மாட்டிக்கொள்ளுங்கள். உடம்பு வாங்கிக்கொள்ளும் அதிர்ச்சியைக் கேரியர் வாங்கிக்கொள்ளாது.

முகத்துவாரத்தில் கடிகாரத்தைவிட ஓதம் முக்கியம். தண்ணீர் வற்றிச் சேறு தெரியும்போதுதான் உள்ளான்களும் பட்டாணி உப்புக்கொத்திகளும் பச்சைக்காலிகளும் இறங்கி மேயும். நாளுக்கு இரண்டு முறை வற்றும். மறுநாள் கிட்டத்தட்ட ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். போன ஞாயிறு ஆறு மணிக்குக் கூட்டமாக இருந்த சேற்றில் இந்த ஞாயிறு ஒரு குஞ்சுகூட இல்லையென்றால் பறவைகள் ஊரைவிட்டுப் போய்விட்டன என்று பொருளில்லை. சீனிவாசபுரத்து மீனவர் எவரையும் கேளுங்கள், எப்போது வற்றும் என்று விரல்விட்டுச் சொல்லிவிடுவார். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு வாய் அடைத்துக்கொண்ட மாதங்களில் இந்தக் கணக்கும் தப்பும். அப்போது மணல்மேட்டையும் ஒரு படம் எடுத்துவையுங்கள். எந்த மாதத்தில் அடைத்தது, எப்போது திறந்தது என்பது அந்தக் கரையில் இறங்கும் பறவைகளுக்கு உயிர்ப் பிரச்சினை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு கெட்டுப்போன ஆற்றில் இத்தனை பறவைகள் ஏன் இருக்கின்றன? நம் படங்களைப் பார்க்கும் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான், இரண்டாவதாக அவர்களே சொல்லிக்கொள்ளும் பதில், “அப்போ ஆறு நல்லாத்தான் இருக்கு.” அந்தப் பதில் தவறு. அந்தத் தவறுக்கு நம் படங்களே தூண்டுகோல்.

சைதாப்பேட்டைப் பக்கம் கழிவுநீர்க் குழாய் ஒன்று ஆற்றில் வந்து விழும் இடத்தைச் சற்று நேரம் பாருங்கள். குழாய் வாய்க்குக் கீழே சாம்பல் நிறச் சேறு விசிறிபோல் படிந்திருக்கும். அதில் நெடுங்கால் உள்ளான்கள் வரிசை கட்டி, சிவந்த கால்களை எடுத்தெடுத்து வைத்து, ஊசி அலகால் சேற்றைக் கொத்திக்கொண்டே நகரும். கொத்துவது சிவப்புப் புழுக்களை. கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் பாக்கெட்டில் விற்கிறார்களே, அந்த வகைப் புழு. தண்ணீரில் ஆக்ஸிஜன் மிகக் குறைந்த இடத்திலும் அது பிழைத்துக்கொள்ளும். மற்ற பூச்சிகளும் நத்தைகளும் செத்துப்போன சேற்றில் போட்டிக்கு ஆளில்லாமல் பெருகும். ஆக, உள்ளான் கூட்டம் அங்கே சொல்வது சாப்பாடு இருக்கிறது என்பதை மட்டும்தான். சாப்பாடு ஏன் ஒரே வகையாக இருக்கிறது என்பதைக் குழாயையும் சேர்த்துக் காட்டினால்தான் பார்ப்பவருக்குப் புரியும்.

கொக்குகளின் கதை இதைவிடக் கசப்பானது. பாசி நிறைந்த தண்ணீரில் பகலெல்லாம் ஆக்ஸிஜன் உண்டாகும். இரவில் அதே பாசியும் கிருமிகளும் அதை இழுத்துக்கொள்ளும். விடிவதற்குச் சற்று முன்புதான் ஆக்ஸிஜன் அடிமட்டத்துக்கு இறங்கும். மூச்சுக்குத் திணறும் ஜிலேபிக் கெண்டைகள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும். அந்த நேரம் பார்த்துச் சின்னக் கொக்கும் மடையானும் வக்காவும் நீர்க்காகமும் கூட்டமாக வந்து இறங்கும். சூரியன் எழும்போது பொன்வெளிச்சத்தில் நூற்றுக்கணக்கில் வெள்ளை இறக்கைகள். நம் படங்களிலேயே அதிகம் பாராட்டு வாங்குவது இந்தக் காட்சிதான். அடையாற்றில் மீன்கள் செத்து மிதந்த செய்தி பலமுறை வந்திருக்கிறது. மீன்கள் செத்துக்கொண்டிருந்த காலையைத்தான் நாம் திருவிழாவாகப் படம்பிடித்துவிட்டோமோ என்று சந்தேகம் வரவேண்டாமா? கொக்குக் கூட்டத்தை எடுத்த கையோடு, தண்ணீரில் வாய்பிளக்கும் மீனையும் நெருங்கி ஒரு படம் எடுத்திருந்தால், அன்று நடந்தது என்னவென்று படமே சொல்லிவிடும்.

யார் வரவில்லை என்பதையும் கவனியுங்கள். கறுப்பு வெள்ளை மீன்கொத்தி அந்தரத்தில் இறக்கையடித்து நின்று, கீழே தெரியும் மீனைக் குறிவைத்துச் செங்குத்தாக விழும் பறவை. தண்ணீருக்குள் பார்வை போகவேண்டும். ஆலாக்களுக்கும் அப்படியே. எந்தப் பகுதியில் இவை மீன் பிடிக்கின்றன, எந்தப் பகுதியில் தலைக்குமேல் பறந்து கடந்துபோகின்றன என்று பாலத்துக்குப் பாலம் குறித்துவந்தால் ஆற்றின் உடல்நிலை ஓரளவு தெரிந்துவிடும். கிடைத்த பறவையை மட்டும் எடுக்கிறவருக்கு இது தென்படாது. ஒரே வழியில் திரும்பத் திரும்பப் போகிறவருக்குத் தென்படும்.

ஆகவே கேட்டுக்கொள்வது மூன்று படம். நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் பறவைக்கு ஒன்று, பறவையும் சுற்றுப்புறமும் தெரியும்படி ஒன்று, பறவையே இல்லாமல் ஆற்றுக்கு மட்டும் ஒன்று. மூன்றாவதைக் கைப்பேசியிலேயே எடுக்கலாம். இருப்பிடக் குறிப்பு தானாகப் பதிவாகிவிடும். பாலத்துக் கைப்பிடிச் சுவரில் ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டு, விளக்குக் கம்பமோ எதிர்க்கரைக் கட்டடமோ எப்போதும் படத்தில் ஒரே இடத்தில் விழும்படி, மாதாமாதம் அதே கோணத்தில் எடுங்கள். ஆகாயத்தாமரை எப்போது மூடியது, கட்டட இடிபாடுகளை எப்போது கொட்டினார்கள், கரையில் நட்ட கன்று எத்தனை வளர்ந்தது, சுவர் எப்போது எழும்பியது எல்லாம் அந்த வரிசையில் தெரியும். தனிப்படம் ஒன்று எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த வேலையைச் செய்யாது.

படத்தில் குப்பை வந்துவிடுமே, யார் விரும்பிப் பார்ப்பார்கள் என்று கேட்பீர்கள். தெர்மோகோல் பெட்டி மூடி ஒன்று மிதந்துவர, அதன்மேல் மடையான் ஒன்று ஏறிக்கொண்டு, படகுக்காரர் மாதிரி நீரோட்டத்தோடு போய்க்கொண்டே மீன் பிடிக்கும். அதில் மூடியை வெட்டிவிட்டால் மிஞ்சுவது பழுப்பு நிறக் கொக்கு ஒன்று. மூடி இருந்தால் அது சென்னை. அந்தப் பறவையின் சாமர்த்தியமும் நம் ஊரின் அலங்கோலமும் ஒரே சட்டத்துக்குள் வரும். படக்கலை என்று பார்த்தாலும் அதுவே வலுவான படம்.

மயிலாப்பூரில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் நமக்கெல்லாம் மூத்தவர். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். வண்ணப்படம் வந்து நிலைத்த பிறகும் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தவர். 1950 முதல் 1996-இல் மறையும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் விடாமல் பத்தி எழுதினார். தமிழிலும் பறவைகளைப் பற்றி எழுதினார். யானையையும் புலியையும் படமெடுத்த அதே மனிதர் வீட்டைச் சுற்றித் திரியும் காக்கையையும் அணிலையும் பற்றியும் அதே அக்கறையோடு எழுதினார். அரிய பறவைக்காகத் தவம் கிடக்கும் நமக்கு அவரிடம் கற்க நிறைய இருக்கிறது. அடையாற்றில் பூநாரை எப்போதாவது வந்தால் நாற்பது லென்ஸ்கள் சேர்ந்துவிடும். அன்றாடம் நிற்கும் மடையானை யார் எண்ணுகிறார்கள்? ஒருநாள் அது குறைந்துபோனால், முன்பு எத்தனை இருந்தது என்று சொல்ல யாரிடம் கணக்கு இருக்கும்?

கணக்கு என்றதும் சோர்ந்துவிடாதீர்கள். ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்துக்குக் கைப்பேசியில் செயலி இருக்கிறது; அந்தத் தளத்தை 2002-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துப் பறவையியல் ஆய்வகம் தொடங்கியது. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, பார்த்த பறவை அனைத்தையும் எண்ணிக்கையோடு பதிந்தால் போதும். அனைத்தையும் என்பதில் காக்கையும் மைனாவும் மாடப்புறாவும் அடக்கம். முழுப் பட்டியலாக இருந்தால்தான், அதில் இல்லாத பறவை உண்மையிலேயே அங்கு இல்லை என்று ஆய்வாளர் எடுத்துக்கொள்ள முடியும். ‘நல்ல பறவைகளை’ மட்டும் பதிந்த பட்டியலால் அந்தப் பயன் கிடைக்காது. 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்து, 178 இனங்களுக்கு உடனடிக் கவனம் தேவை என்றது. அதற்கு அடிப்படை முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் இப்படிப் பதிந்த சுமார் 3 கோடிக் குறிப்புகள். எல்லாம் நம்மைப் போன்றவர்கள் ஓய்வு நேரத்தில் செய்ததுதான்.

இன்று நம் படங்கள் போய்ச் சேரும் இடம் வாட்ஸ்அப் குழு. அங்கே போடும் படத்தின் அளவு சுருங்கிவிடுகிறது. எடுத்த தேதி, நேரம், இடம் என்று படத்தோடு ஒட்டியிருந்த விவரங்கள் கழன்றுவிடுகின்றன. நாற்பது கைதட்டல் வாங்கிவிட்டு, மறுவாரம் எங்கே எப்போது எடுத்தது என்று தெரியாத அநாதையாகிவிடுகிறது. குழுவில் போடுங்கள், யார் வேண்டாம் என்றார்கள். அதற்குமுன் ஈபேர்ட் பட்டியலோடும் இணைத்துவிடுங்கள். கேமராவின் கடிகாரம் சரியாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பேட்டரி மாற்றியதிலிருந்து வருடம் தவறாகவே ஓடிக்கொண்டிருக்கும் கேமராக்கள் நம்மிடையே உண்டு. தேதியுள்ள படம் எங்கே உதவும் என்று சொல்ல முடியாது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நம் ஊரில்தான் இருக்கிறது. நாளை யாராவது அடையாற்றுக்காக அங்கே போய் நின்றால், எந்தக் குழாயில் எந்தக் காலையில் என்ன கொட்டியது என்பதற்கு உங்கள் மூன்றாவது படம் ஆதாரமாகலாம்.

அடுத்து நடத்தை பற்றிக் கொஞ்சம். சைக்கிளில் கடந்துபோகிறவரைப் பறவை பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. சக்கரம் நின்று, கால் தரையில் ஊன்றி, முகம் தன் பக்கம் திரும்பும்போதுதான் அதற்குச் சந்தேகம் தட்டுகிறது. ஆகவே பறவைக்கு நேரே பிரேக் போடாதீர்கள். கடந்துபோய், தள்ளி நிறுத்தி, ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே கேமராவை எடுங்கள். மடையான் கரையோடு கரையாகப் பழுப்பாய் ஒட்டிக்கொண்டிருக்கும். கழுத்தை உள்ளே இழுத்திருந்தால் நிம்மதியாக இருக்கிறது. கழுத்து நீண்டு, உடம்பு முன்னே சாய்ந்தால், இன்னும் ஓர் அடி வைத்தால் பறந்துவிடும் என்று அர்த்தம். அந்த ஓர் அடியை வைக்காமல் இருப்பதுதான் பழக்கம் என்பது. வெள்ளை இறக்கை விரியும் படம் வேண்டும் என்று கல்லெறிந்து கிளப்புகிற வேலை நம் குழுக்களில் நடக்கக்கூடாது. வடக்கிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்த உள்ளானுக்கு வற்று நேரத்து மேய்ச்சல்தான் திரும்பிப் போவதற்கான எரிபொருள். ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் அதில் கொஞ்சம் வீணாகிறது.

ஆள்காட்டி தலைக்குமேல் சுற்றிச் சுற்றிக் கத்தினால் படம் எடுக்க நல்ல வாய்ப்பு என்று நிற்காதீர்கள். பக்கத்தில் முட்டை இருக்கிறது. கூடு என்று ஒன்றும் கட்டாது. வெறும் தரையில், சரளைக் கல்லோடு கல்லாக, நான்கு முட்டை இடும். ஆற்றோரம் கொட்டிவைத்த கட்டட இடிபாடு அதற்குப் பிடித்த இடம். பங்குனி தொடங்கி ஆவணி வரை அப்படிப்பட்ட இடத்தில் சைக்கிளை இறக்கவே வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதையும் முட்டை, கூடுகளைத் தொந்தரவு செய்வதையும் வேட்டை என்ற விளக்கத்துக்குள்ளேயே சேர்த்திருக்கிறது. கையில் துப்பாக்கி இருந்தால்தான் வேட்டை என்றில்லை. இரவில் அடையும் வக்காக்கள்மீது ஃபிளாஷ் அடிப்பதும், பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் வேண்டவே வேண்டாம். கூடு இருக்கும் இடத்தைக் குழுவில் அறிவிப்பதும் அப்படித்தான். பொது இடம் என்றாலும் கூட்டம் கூடினால் பறவை கூட்டைக் கைவிட்டுவிடும்.

இருபது பேர் ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு, பாட்டும் பேச்சுமாக ஒன்றாய் வந்து இறங்கினால் எந்தப் பறவையும் காத்திருக்காது. நால்வர் ஐவராகப் பிரிந்துகொள்ளுங்கள். ஆளுக்கொரு பாலம் என்று பொறுப்பு எடுத்துக்கொண்டால் ஒரே காலையில் முழு ஆற்றையும் எண்ணி முடித்து, எங்காவது ஒரு டீக்கடையில் கூடிக் கணக்கைச் சேர்த்துவிடலாம். பாட்டும் பேச்சும் அங்கே வைத்துக்கொள்ளலாம்.

கரையில் வாழும் மனிதர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாம் வாரத்தில் ஒருநாள் வந்துபோகிறோம். அவர்கள் அந்த ஆற்றோடு இருக்கிறார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆயிரக்கணக்கான குடும்பங்களை ஆற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கம் போன்ற தூரத்துக் குடியிருப்புகளுக்கு மாற்றியிருக்கிறார்கள். அதனால் யாராவது கேமராவோடு வந்து வீட்டுப் பக்கம் குறிபார்த்தால் அவர்களுக்குச் சந்தேகம் வருவது இயல்பு. அளக்க வந்த ஆளோ என்றுதான் முதலில் நினைப்பார்கள். சைக்கிளை விட்டு இறங்கி, அண்ணே, அக்கா என்று கூப்பிட்டு, கொக்கு எடுக்க வந்தேன் என்று சொல்லி, திரையில் படத்தைக் காட்டிவிட்டு எடுங்கள். கேட்காமல் அவர்கள் முகத்தையும் வீட்டையும் எடுக்காதீர்கள். பேச்சுக் கொடுத்தால், கூழைக்கடா எந்த மாதம் இறங்கும், வக்கா எந்த மரத்தில் அடையும், எந்தக் குழாயில் எந்தக் கிழமை நாற்றம் அதிகம் என்பதையெல்லாம் அவர்களே சொல்வார்கள். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆற்றைச் சுத்தம் செய்வது நம் கேமராவால் ஆகிற காரியமில்லை. கழிவுநீரைச் சுத்திகரித்த பிறகே ஆற்றில் விடவேண்டும். அது அரசின் பொறுப்பு, பணமும் பொறியியலும் கேட்கும் வேலை. ஆனால் ஆறு தேறுகிறதா, மோசமாகிறதா என்று ஊருக்குச் சொல்ல ஆள் வேண்டும். சுத்தம் செய்கிறோம் என்று அறிவிப்பு வரும்போது, செய்ததன் பலன் தெரிகிறதா என்று காட்டவும் ஆள் வேண்டும். அழகான பறவைப் படங்களை மட்டுமே ஊர் பார்த்துக்கொண்டிருந்தால், இந்த ஆற்றுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை என்ற நினைப்புதான் வளரும். அந்த நினைப்பை வளர்ப்பதில் பறவைகளை நேசிக்கும் நமக்குப் பங்கு இருக்கக்கூடாது.

இதற்கு நல்ல நேரமும் இருக்கிறது. பொங்கல் விடுமுறையின் நான்கு நாட்களில் தமிழ்நாடு முழுவதும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015 முதல் நடந்துவருகிறது. யார் வேண்டுமானாலும் சேரலாம்; கட்டணம் இல்லை, நிபுணராக இருக்கவேண்டும் என்பதும் இல்லை. வலசைப் பறவைகள் நிறைந்திருக்கும் காலம், காலை வெயிலும் இதமாக இருக்கும். அதுவரை காத்திருக்காமல் வரும் ஞாயிறே ஆளுக்கொரு பாலத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். அனகாபுத்தூர், மணப்பாக்கம், நந்தம்பாக்கம் பக்கம் போக ஆள் குறைவு. கால் வலுவுள்ள இளையவர்கள் அதை எடுத்துக்கொண்டால் நல்லது. நிற்கும் இடத்தில் மூன்று படம், பதினைந்து நிமிடப் பட்டியல், காக்கை உட்பட. போட்டிக்கு அனுப்பவும் நண்பர்களுக்குக் காட்டவும் படத்தை எப்படி வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். வெட்டாத மூலப் படத்தைத் தேதியோடும் இடத்தோடும் பத்திரமாக வைத்திருங்கள். அடையாற்றுக்கு நம்மால் இப்போது கொடுக்க முடிந்தது அதுதான்.

அன்புடன்,
உங்களோடு மிதிக்கும் ஒருவன்